கத்தல் மட்டும்தான், அக்கா

மார்ச் 4

மின்னல்காரிக்குக் குரல் கொடுத்த அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து படங்களிலும் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை தேடிப் பார்த்துவிட்டேன். சாப்பாடு போட்டவர், வண்டி ஓட்டியவர், நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் என்று ஊர்ப்பட்ட பெயர்கள் வருகின்றன. வெளிநாட்டுக்காரியான அவளை நம் மொழியில் பேச வைத்தவர் பெயரை மட்டும் காணோம். கடைசியில் டப்பிங் ஸ்டுடியோவின் முகவரி எறும்பு ஊர்கிற மாதிரி ஓடுகிறது. படத்தை நிறுத்தி நிறுத்தி அதைப் படித்து உறைமேல் எழுதியிருக்கிறேன்.

நான் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர். இரண்டு திரை, ஒரே கேபின், ஒரே ஆள். படம் பார்க்க வருகிறவர்களின் தலைக்குப் பின்னால் ஒரு முழக் கண்ணாடி இருக்கிறது. அதற்குப் பின்னால் நான். கேபினுக்குள் இருக்கிற குட்டி ஸ்பீக்கரில் உங்களை ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டிருக்கிறேன். மூன்றாம் படத்தில் சிறைக் கதவை உடைத்து வெளியே வந்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்புக்காகவே என் சாப்பாட்டு நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டவள் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் படத்தின் டிரெய்லர் போன வாரம் வந்தது. ‘மின்னல்காரியாகப் பேசுகிறார் தேன்சிட்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சிட்டு மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இடைவேளையில் அவள் பாட்டைத்தான் போடுகிறேன், கூடவே முணுமுணுக்கவும் செய்கிறேன். ஆனால் பாட்டுப் பாடுகிற தொண்டை வேறு, பாலத்தைத் தூக்கிப் பிடிக்கிற தொண்டை வேறு இல்லையா? அவள் பேசினால் தேன் வழிகிறது. மின்னல்காரி பேசினால் இரும்பு பழுக்கக் காய வேண்டும்.

முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்தேன். பாலம் இடிகிற இடத்தில் அவள் ஒரு கத்துக் கத்துகிறாள். என் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. அக்கா, பேச்சு சிட்டுவினுடையது. கத்தல் உங்களுடையது.

டிக்கெட் கவுண்டர் அண்ணனிடம் சொன்னேன். “கேபின்லயே கிடந்து உனக்குக் காது மந்தமாயிடுச்சு” என்கிறார். சரியா தப்பா என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். போதும்.

இப்படிக்கு,
கேபின்காரி


மார்ச் 15

கேபின்காரிக்கு,

ஸ்டுடியோ வாசலில் ஒரு வாரம் கிடந்துவிட்டு உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது.

ஆறாம் படத்தில் நான் இல்லை. அந்தக் கத்தல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. இனிமேல் எழுத வேண்டாம்.

ஒரு திருத்தம். சிறைக் கதவை உடைத்த பிறகு வருவது சிரிப்பு இல்லை, இருமல். அன்று எனக்கு நல்ல காய்ச்சல். நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

எழுதியே தீருவேன் என்றால் ஸ்டுடியோவுக்கு எழுதாதீர்கள். அங்கே எல்லாருக்கும் கண் நீளம். வீட்டு முகவரி பின்பக்கம் இருக்கிறது. தொலைபேசி எண் தரமாட்டேன். குரலை வைத்துப் பிழைக்கிறவள், அதைச் சும்மா கொடுப்பதில்லை.


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்று சொல்லிவிட்டு முகவரியையும் கொடுத்தால் நான் என்னதான் செய்வேன்?

இருமலா! அந்தப் படம் ஓடிய அத்தனை நாளும் ஓர் இருமலுக்காகச் சோற்றைத் தள்ளிப் போட்டிருக்கிறேனா! போகட்டும். இருமலானாலும் என் மின்னல்காரியின் இருமல்.

நீங்கள் இல்லை என்கிறீர்கள். நான் நம்பவில்லை. கத்துவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு சின்ன இறக்கம் இருக்கிறது. கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடும்போது கயிறு ஒரு நொடி தளருமே, அப்படி. அதற்குப் பிறகுதான் மேலே வருவீர்கள். ஐந்து படத்திலும் அது இருக்கிறது. டிரெய்லரிலும் இருக்கிறது. கைரேகையை மாற்றினாலும் மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

முந்திரிக்கொட்டை மாதிரி நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இணையத்தில் எங்கள் விசிறிகள் கூட்டம் ஒன்று இருக்கிறது, பதினோராயிரம் பேர். அதில், “டிரெய்லரில் கத்துவது தேன்சிட்டு இல்லை” என்று எழுதினேன். அவ்வளவுதான். சிட்டுப்படை என்று அவளுக்கு ஒரு பட்டாளம் இருக்கிறதே, அது தேனீக்கூடு கலைந்த மாதிரி வந்து கொட்டிவிட்டது. “பொறாமை பிடிச்ச கிழவி” என்று ஒருத்தி. எனக்கு முப்பத்து நாலு வயசுதான் அக்கா. “மேடையில ரெண்டு மணி நேரம் பாடுறவளுக்குக் கத்தத் தெரியாதா? பாட்டுக்காரின்னா உங்களுக்கெல்லாம் இளக்காரம்” என்று இன்னொருத்தி. அது நியாயமான கேள்வி. ஒரு சின்னப் பெண் மட்டும் மரியாதையாகக் கேட்டாள்: “சரிக்கா, சிட்டு இல்லேன்னா வேற யாரு? பேரைச் சொல்லுங்க.”

உங்கள் பேர்தான் எனக்குத் தெரியாதே.

நான் ஏன் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்று நினைப்பீர்கள். முதன்முதலில் வேலைக்கு வந்த அன்று, பழைய ஆபரேட்டர் கேபினை உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டார். பொம்பளைக்கு என்ன வேலை இங்கே என்று கோபம். நான் படிக்கட்டில் அரைமணி நேரம் நின்றேன். அப்புறம் இரண்டாம் படத்தில் வருகிற உங்கள் குரலை எடுத்து, “கதவைத் திற!” என்றேன். முதலாளியம்மா வந்துவிட்டார் என்று பதறித் திறந்துவிட்டார் மனிதர். அன்றைக்கு உள்ளே போனவள்தான்.

இப்படிக்கு,
கேபின்காரி


ஏப்ரல் 2

கேபின்காரிக்கு,

உங்கள் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆள் இல்லையா?

நேற்று ஸ்டுடியோ மேனேஜர் கூப்பிட்டார். “அக்கா, வெளியே எவனோ எழுதியிருக்கான். நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்றார். இல்லை என்றேன். அது உண்மை. எவனோ இல்லை, எவளோ என்பதும் உண்மை. அதைச் சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆமாம். கத்தல் என்னுடையதுதான்.

பதினாலு வருஷம், ஐந்து படம். ஆறாவதுக்கு என்னைக் கூப்பிடவில்லை. சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குரலுக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து மேனேஜர் வந்தார். தேன்சிட்டு வசனத்தை மூன்று நாளில் பேசி முடித்துவிட்டாளாம். சண்டைக் காட்சி வந்ததும் நாலு கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டதாம். அடுத்த மாதம் அவளுக்கு எட்டு ஊரில் கச்சேரி, டாக்டர் கத்தக் கூடாது என்றுவிட்டாராம். “கத்தல் மட்டும்தான், அக்கா. பேச்சு கிடையாது. அரை நாள் வேலை. வெளியே மூச்சு விடக் கூடாது” என்றார்.

போனேன். இருட்டறையில் மைக் முன்னால் நின்று அறுபத்து மூன்று தடவை கத்தினேன். விழுவதற்கு ஒன்று, அடி வாங்குவதற்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று. மின்னல்காரி வாய் திறந்து பேசுகிற இடம் வந்தால் ஒலியை அணைத்துவிடுவார்கள். நான் சும்மா நிற்பேன். என் பிள்ளைக்கு வேறு யாரோ சோறு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

இதைவிட ஒன்று இருக்கிறது. என் மகளுக்குப் பதினேழு வயது. அவளும் சிட்டுப்படைதான். அறைக் கதவு முழுக்கச் சிட்டு படம். நான் டப்பிங் பேசுகிறவள் என்று அவளுக்குத் தெரியும்; இந்த அறுபத்து மூன்று தெரியாது. சிட்டு வந்ததால் எனக்கு வாய்ப்புப் போனதே என்று அவளுக்கு உள்ளுக்குள் சங்கடம். அதனால் என்னிடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே மாட்டாள். போன வாரம் அடக்க முடியாமல், “அம்மா, கோவிச்சுக்காத. ஆனா சிட்டு அந்தப் பாலத்துல கத்துறா பாரு, உன்னால கூட அப்படி முடியாது” என்றாள்.

நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றேன்.

நீங்கள் எழுதியதை எடுத்துவிடுங்கள். காது மந்தம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் ஒருத்தர் கதவை அடைத்தால் ஒன்பது பேர் அடைப்பார்கள். வேறு தொழில் எனக்குத் தெரியாது.


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

எடுத்துவிட்டேன். வெறுமனே எடுத்தால் சந்தேகம் வரும் என்று, “நான் கேட்டது தப்பு. சிட்டுவிடமும் அவள் விசிறிகளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதினேன். மூவாயிரம் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கவுண்டர் அண்ணன் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்து கேபின் மேசையில் வைத்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

உங்களுக்காகத்தான் செய்தேன். செய்த உரிமையில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பாலம் இடிந்தாலும் நகராமல் நிற்கிறவளை எங்களுக்குக் காட்டியது நீங்கள். அவள் ஆடையும் உடம்பும் வெளிநாட்டிலிருந்து வந்தன. நெஞ்சு உங்களிடமிருந்துதானே வந்தது? இருட்டறையில் அறுபத்து மூன்று தடவை கத்திய உங்களுக்கு, வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை கேட்கத் தெரியவில்லையா?

சிட்டு மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. அவள் பிடுங்கவில்லை. நீங்கள்தான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. இருந்தாலும் தபாலில் போடப் போகிறேன்.

கேபின்காரி


மே 20

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் பொறுக்கி ஒட்டினேன். ஐந்து வாரம் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். ஒவ்வொரு தடவையும் நீயே ஜெயித்தாய். அதனால்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை. இப்போது சொல்ல ஒன்று இருக்கிறது, பொறுமையாகப் படி.

போன மாதக் கடைசியில் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். வெளிநாட்டில் படத்தின் முடிவை மாற்றிவிட்டார்களாம். கடைசிக் காட்சியில் மின்னல்காரி கத்த ஆரம்பிக்கிறாள். அந்தக் கத்தல் அப்படியே நீண்டு ஒரு வார்த்தையாக மாறுகிறது: “போகாதே!” கத்தல் நான், வார்த்தை சிட்டு என்று இரண்டையும் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். சவுண்ட் இன்ஜினியர் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாராம். பட்டுத்துணியில் சாக்குத்துணியைத் தைத்த மாதிரி தையல் தெரிகிறது. கத்தலும் வார்த்தையும் ஒரே தொண்டையிலிருந்து வர வேண்டும்.

“அந்த ஒரு வார்த்தையையும் நீங்களே சொல்லிடுங்க அக்கா. யாருக்கும் தெரியாது” என்றார்.

“தெரியணும்” என்றேன்.

“என்னது?”

“என் பேரைப் போடுங்க. மின்னல்காரியின் குரல்னு போட்டு, என் பேரு. ஓடுற எழுத்துல இல்ல. நிக்கிற எழுத்துல.”

சிரித்தார். “இத்தனை வருஷம் இல்லாத பழக்கம் இப்ப எதுக்கு? ஊர்ல கத்துறதுக்கு ஆளா இல்ல?” என்றார்.

“இருந்தா கூப்பிட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். படி இறங்கிய பிறகுதான் பார்த்தேன். கைப்பையை உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைத் திரும்பிப் போய் எடுக்கவில்லை. எடுக்கப் போனால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். பேருந்துக்குக் காசில்லாமல் வீடுவரை நடந்தேன்.

பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. மூன்று பேரைக் கூப்பிட்டுக் கத்த வைத்துப் பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒருத்தி பேயைக் கண்டவள் மாதிரி கத்தினாளாம், இன்னொருத்தி பேயே மாதிரி கத்தினாளாம். அந்தப் பத்து நாளும் உன்னைத் திட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் நாள் காலையில் வாசல் மணி அடித்தது. மகள் போய்த் திறந்தாள். என் கைப்பையோடு மேனேஜர் நிற்கிறார். பக்கத்தில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண். மகள் கதவைப் பிடித்தபடி சிலையாகிவிட்டாள். வந்திருந்தது தேன்சிட்டு.

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “நீங்கதானா அது?”

அவளிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள் தங்கச்சி. கத்தல் எல்லாம் வெளிநாட்டு மூலப் படத்திலேயே இருப்பது, அதை அப்படியே வைத்துக்கொண்டோம் என்று. “போற எடமெல்லாம் சிட்டு ஒரு தடவை கத்து, சிட்டு ஒரு தடவை கத்துன்னு உயிரை எடுக்கறாங்க. ஒரு பேட்டியில மைக்கை மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டாங்க. தும்மல் வந்த மாதிரி நடிச்சு எழுந்து ஓடுனேன்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்க. நாலு வருஷம் இன்னொருத்தர் பாட்டுல உச்சத்துல வர்ற இடத்தையெல்லாம் நான்தான் பாடிக் கொடுத்தேன். கைதட்டு அவங்களுக்கு. எந்த ஆல்பத்துலயும் என் பேரு வரல. இப்ப நானே இன்னொருத்தருக்கு அதைச் செஞ்சிருக்கேன்னு நேத்து இவர் சொன்னப்பதான் தெரிஞ்சுது. உங்க பேரு இல்லாம என் பேரு வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நிக்கிற எழுத்து, அக்கா. ரெண்டு பேரும் ஒரே அளவு” என்றார்.

“முந்தின அஞ்சு படத்துக்கும் சேர்த்துப் போடணும்” என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததென்று தெரியவில்லை. அவர் தலையாட்டினார்.

சிட்டு வந்து நிற்கிறாள், மகள் அவளைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா… அந்தப் பாலத்துல கத்துனது நீயா?” என்றாள். அப்புறம் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான். சிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். லட்சம் பேர் கையசைக்கிற பெண், எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மைக் முன்னால் நின்றேன். ஒரே தடவை. “போகாதே!” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு துள்ளினாள்.

படம் ஜூன் 11 வருகிறது. எழுத்து நிஜமாகவே நிற்கிறதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் வாக்கை நான் முழுசாக நம்பவில்லை. உன் கண்ணை நம்புகிறேன். காதையும்தான்.

அக்கா


ஜூன் 12

அக்கா, அக்கா, அக்கா!

நிற்கிறது! நேற்று அதிகாலையிலேயே போய், சோதனை ஓட்டம் என்று சொல்லிப் படத்தின் கடைசியைத்தான் முதலில் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ‘மின்னல்காரியின் குரல்.’ கீழே உங்கள் பெயர், பக்கத்தில் சிட்டு பெயர். அதற்கும் கீழே, ‘முந்தைய ஐந்து படங்களிலும்’ என்று மறுபடி உங்கள் பெயர் மட்டும். எண்ணிப் பார்த்தேன், முழுசாக ஆறு நொடி. ஆறு நொடி எவ்வளவு நீளம் என்று ஆபரேட்டருக்குத்தான் தெரியும். பெயர் தெரிந்த பிறகும் எனக்கு அக்கா என்றுதான் வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதல் காட்சிக்கு இரண்டு திரையும் நிரம்பிவிட்டது. முன்வரிசை முழுக்கச் சிட்டுப்படை. முகத்தில் வெள்ளிப் பொட்டு, கையில் மின்விளக்கு. நடுவில் எங்கள் மின்னல் கூட்டம். இரண்டு கட்சிக்கும் இடையில் ஒரு வரிசையைக் காலியாக விடலாமா என்று கவுண்டர் அண்ணன் யோசித்தாராம். சிட்டு முதல் வசனம் பேசியதும் முன்வரிசை எழுந்து ஆடியது. எங்கள் ஆட்கள் உம்மென்று இருந்தார்கள். ஒன்று ஒப்புக்கொள்கிறேன், அமைதியான காட்சிகளில் அவள் நன்றாகவே பேசியிருக்கிறாள். தங்கையைத் தூங்க வைக்கிற இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

அப்புறம் கடைசிக் காட்சி. அந்த இறக்கம் வந்தது. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றேன். “போகாதே!” கேபின் கதவு அதிர்ந்தது அக்கா, பொய் இல்லை. பிறகு கூரை பறந்தது. யார் எந்தக் கட்சியென்று தெரியவில்லை, எல்லாரும் நின்று கத்தினார்கள்.

படம் முடிந்ததும் அரங்க விளக்கைப் போடுவது என் வேலை. நேற்றுப் போடவில்லை. “லைட் போடும்மா!” என்று நாலு பேர் கூவினார்கள். காது மந்தம் என்றுதான் ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறேனே, கேட்கவில்லை. உங்கள் எழுத்து வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் உங்கள் பெயரைச் சத்தமாகப் படித்தாள். “ஏய், அப்ப அந்தக் கத்தல்…” என்றாள். அவ்வளவுதான். காட்டுத்தீ மாதிரி பின்வரிசைவரை பரவியது. வெளியே போனவர்கள் திரும்பி வந்து நின்று படித்தார்கள். நான் பெரிய மனசு பண்ணி அந்த ஆறு நொடியை இன்னொரு தடவை ஓட்டினேன். சட்டப்படி தப்பு. முதலாளி கேட்டால் கை தவறிவிட்டது என்பேன்.

பேரைச் சொல்லுங்க என்று கேட்ட சின்னப் பெண் எங்கள் இணையக் கூட்டத்தில் எழுதியிருக்கிறாள்: “அந்தக் கேபின் அக்கா எங்கே? நாம எல்லாரும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.” இதுவரைக்கும் நாலாயிரத்து இருநூறு மன்னிப்பு வந்திருக்கிறது. கவுண்டர் அண்ணனுடைய மன்னிப்பை மட்டும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கெஞ்சட்டும்.

நீங்கள் பார்த்துவிட்டீர்களா?

கேபின்காரி


ஜூன் 19

தங்கச்சி,

நேற்று மதியம் மகளோடு போனேன். முதல் வாரம் போக வெட்கமாக இருந்தது. அவள் விடவில்லை. அவளும் வெள்ளிப் பொட்டுத்தான் வைத்துக்கொண்டாள், எனக்கும் ஒன்று ஒட்டிவிட்டாள்.

கடைசிக் காட்சியில் நான் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி, அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர் போல ஓர் ஆள், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் கத்தியதும் அவர் கை இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. பதினாலு வருஷமாக ஒரு சின்ன அறையில், ஒரு கண்ணாடியைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அது போய்ச் சேருகிற இடத்தை நேற்றுத்தான் பார்த்தேன். என் பெயர் வந்தபோது மகள் எழுந்து நின்று கைதட்டினாள். எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் போய்ப் பேச்சு வரவில்லை!

வெளியே வந்தோம். தியேட்டர் முன்கூடத்தில் சிட்டுப்படைப் பெண்கள் முப்பது பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் சும்மா இருப்பாளா? யாரோ ஒருத்தியின் காதில் போய் ஓதிவிட்டாள். முப்பது பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “நீங்களா? நிஜமா நீங்களா?” என்று. ஒருத்திக்கு நம்பிக்கை இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையில் காய்கறிப் பை, காலில் தேய்ந்த செருப்பு. “அப்படின்னா ஒரு தடவை கத்துங்க பார்ப்போம்” என்றாள்.

இருட்டில்லாத இடத்தில், மைக் இல்லாமல், இத்தனை முகத்துக்கு முன்னால் நான் கத்தியதே இல்லை. பையை மகளிடம் கொடுத்தேன். மூச்சை இறக்கினேன்.

தங்கச்சி, கத்தினேன்!

டிக்கெட் வரிசை மொத்தமும் திரும்பியது. மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். காவலாளி தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “என்ன ஆச்சு? யாரும்மா கத்துனது? யாருக்கு என்ன ஆச்சு?”

முப்பது பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். என் மகள்தான் பதில் சொன்னாள், காய்கறிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு:

“ஒண்ணும் ஆகலண்ணே. எங்கம்மா.”

அக்கா